ஒயரில் வந்த தம்புரா

கோதைக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று புனேயில் ஹடப்சர் பக்கம் அவளைத் தெரிந்த தமிழர்கள் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. காது கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. அவள் அதிர்ஷ்டம், சுற்றி வாய்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகமாகவே இருந்தார்கள். நவராத்திரி வந்தால் வெற்றிலை பாக்குக்குக் கூப்பிடுவார்கள். "மாமி, சின்னதா ஒரு பாட்டு" என்பார்கள். அவள் கண்ணை மூடிச் சுருதி பிடிப்பதற்குள் இந்தப் பக்கம் சுண்டல் வெந்த பக்குவத்தைப் பற்றியும் அந்தப் பக்கம் மாலில் போட்டிருக்கும் தள்ளுபடியைப் பற்றியும் பேச்சு கிளம்பிவிடும். பாட்டு முடிந்ததுகூடத் தெரியாது. என்னமோ சத்தம் நின்ற மாதிரி இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்து, "தேனா இருந்தது மாமி" என்பார்கள். கோதை ரவிக்கைத் துணியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மனசுக்குள் அவர்களை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தபடி வீடு வந்து சேர்வாள்.

வீட்டிலோ அந்த ரகத்துக்கெல்லாம் தலைவர் உட்கார்ந்திருப்பார்.

அவள் புருஷன் கிட்டு புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடில் வளர்ந்தவர். அப்பாவுக்கு அங்கே ராணுவக் கிடங்கில் உத்தியோகம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி என்று வளர்ந்ததில் இரண்டும் அரைகுறையாகவே வந்தன. அதைப் பற்றிக் கோதைக்கு ஒரு குறையும் இல்லை. திருச்சி தில்லை நகருக்கு அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் பைரவியில் ஒரு கீர்த்தனையை எடுத்துப் பல்லவியைத் தாண்டுவதற்குள் "பஹுத் அச்சா" என்று கை தட்டினாரே, அதைத்தான் அவள் இன்னும் மன்னிக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தாராம். திருச்சி வானொலியில் தேர்வாகிக் காலைக் கச்சேரி பாடிக்கொண்டிருந்த பெண் அவள். மீதிப் பாட்டை அன்றைக்குப் பாடவில்லை. பிறகு கல்யாணமாகி, புனே வந்து, பெண் பிறந்து, அவளும் வளர்ந்து படிக்கக் கனடா போய்விட்டாள். அந்த மீதியைப் பாடு என்று கிட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மீதி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

பெண் கனடா போனதில் கோதைக்கு ஒரு லாபம். அவளுடைய அறை காலியானது. கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து, ஜன்னல் திண்டில் தம்புரா மாதிரியே ஒலிக்கும் மின்சாரச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே பாட்டு சொல்லித்தர ஆரம்பித்தாள். ஹாலை ஒட்டிய அறை அது. ஹாலுக்கும் அதற்கும் பொதுவாக ஒரு பால்கனி உண்டு. இரண்டு ஜன்னலும் அந்தப் பால்கனியில்தான் திறக்கும். பிள்ளைகள் வந்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டவை. தமிழை எழுத்துக் கூட்டத் தெரியாமல் பாட்டை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு பாடும். அவர்களுக்கு நடுவே அம்ருதா என்று ஒரு மராத்திப் பெண் வந்து சேர்ந்தாள். பக்கத்திலே ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணமானவள். தேவநாகரியில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்பாள். ஒரு சங்கதி சரியாக வராவிட்டால் அவளே முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பப் பாடுவாள். இத்தனை பெரிய ஊரில் காது உள்ள ஒரு ஜீவன் இவள்தான் என்று கோதை முடிவு கட்டியிருந்தாள். அந்த அறையும் அந்தப் பெண்ணும் இருந்ததால்தான் அவள் புனேயைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையே கிட்டு வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். அவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு பித்து இருக்கும். கேமராப் பித்து வந்தபோது ஐந்தாறு லென்ஸ் வாங்கினார். அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தாரே தவிர, வீட்டில் அவர் எடுத்த போட்டோ என்று ஒன்று கிடையாது. மீன் தொட்டி வந்தது; தண்ணீரைச் சோதிக்கும் கருவிகள் பெருகின, மீன்கள் குறைந்தன. அப்புறம் காபி மிஷின். இத்தாலியிலிருந்து வந்த அந்த மிஷினில் அவர் போட்ட காபியைக் குடித்துவிட்டுக் கோதை அடுப்படிக்குப் போய் ஃபில்டரில் இரண்டாம் டிகாக்ஷன் இறக்கிக் குடித்தாள். எந்த வித்தையானாலும் கிட்டுவுக்கு அதன் சாமான்தான் வேண்டும். வித்தை வேண்டாம்.

கடைசியாகச் சங்கீதத்தின் மேல் அவர் கண் விழுந்தது.

அதாவது ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் ஹாலில் வந்து நின்றன. ஒன்று பால்கனி ஜன்னலை ஒட்டி, இன்னொன்று டிவி இருந்த இடத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. கூட்டம் என்றால் இரண்டு பேர். ஒருவர் கோகுல்நாத், ஒரு பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சோபாவில் சாய்ந்த மாத்திரத்தில் கண்ணை மூடிவிடுவார்; பாட்டு நின்றால் விழித்துக்கொண்டு "க்யா பாத் ஹை" என்று இந்தியில் சிலாகிப்பார். இன்னொருத்தன் ஷ்யாம். கோயம்புத்தூர்ப் பையன், பெரிய ஐடி கம்பெனியில் பெரிய வேலை. அது போதாதென்று வெளிநாட்டிலிருந்து ஆடியோ ஒயர்களைத் தருவித்துத் தெரிந்தவர்கள் தலையில் கட்டும் உபதொழிலும் உண்டு. அவன் பேச்சில் "சவுண்ட் ஸ்டேஜ்", "ஏர்", "பிளாக்னஸ்" என்று வார்த்தைகள் வரும். ராகம் என்ன என்று கேட்டால் மொபைலைப் பார்த்துச் சொல்வான்.

இந்த ஷ்யாம்தான் ஒருநாள் நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே வெல்வெட் மெத்தை. மெத்தையில் கட்டைவிரல் பருமனில், கறுப்பு வலை போர்த்திய ஒரு ஒயர் சுருண்டு படுத்திருந்தது. ஆம்ப்ளிஃபையரைச் சுவர் பிளக்கில் செருகும் பவர் கார்டு, அவ்வளவுதான். மிக்ஸிக்கு இருக்குமே, அதுவேதான்.

"கோதை, இங்க வந்து பாரேன்," என்று கிட்டு கூப்பிட்டார். வாயெல்லாம் பல். "இதை மாத்தினா பாட்டோட லெவலே மாறிடுமாம். இத்தனை நாள் ரெகார்டிங்குல இருந்தும் நம்ம காதுல விழாததெல்லாம் விழுமாம்."

கோதை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள். "இதுல என்ன வரது? கரண்டா, பாட்டா?"

"கரண்டுதான் மாமி," என்றான் ஷ்யாம், சிறு குழந்தைக்குச் சொல்வது போல. "ஆனா க்ளீன் கரண்டு. நம்ம வீட்டுக்கு வர்ற கரண்டு ரொம்ப அழுக்கா இருக்குங்க."

"அப்படியா? கொய்னா அணையிலேர்ந்து மலையெல்லாம் தாண்டி, கம்பம் கம்பமா வந்து, முக்குல இருக்கிற டிரான்ஸ்பார்மர்ல ஏறி எறங்கி, வீடு கட்டின பில்டர் சுவத்துக்குள்ள பொதைச்சு வெச்சிருக்கிற மட்டமான ஒயர்ல வரது. அத்தனை தூரம் அழுக்கா வந்துட்டு, இந்தக் கடைசி ரெண்டு முழத்துல குளிச்சுட்டு மடியா வந்துடுமாக்கும்."

கோகுல்நாத் கண்ணைத் திறந்து, "க்யா பாத் ஹை" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

ஷ்யாம் அசரவில்லை. இந்தக் கார்டுக்கு ஹால் லாயக்கில்லை, நான்கு பக்கமும் மூடிய தனி அறை வேண்டும், அப்போதுதான் முழு பலன் என்று ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே அவன் கண் கோதையின் அறைப் பக்கம் போயிற்று. கிட்டுவின் கண்ணும் பின்னாலேயே போயிற்று. அறை போய்விடுமோ என்று கோதைக்குப் பயம். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி எதிராளியை மட்டம் தட்டுவது. வாய் முந்திக்கொண்டது.

"முதல்ல இங்க மாட்டிக் காட்டுங்கோ. ஒரு குந்துமணி வித்தியாசம் இருந்தா அந்த ரூமை நீங்களே வெச்சுக்கோங்கோ. நான் பாட்டு வகுப்பை மூட்டை கட்டிடறேன். இல்லேன்னா அந்த ரூம் பக்கமே யாரும் திரும்பிப் பாக்கப்படாது."

"டன்," என்றார் கிட்டு.

சொன்ன பிறகு கோதைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒயரை மாற்றினால் பாட்டு மாறாது. இதில் தோற்க வழியே இல்லை.

அடுத்த ஞாயிறு சோதனை. அம்ருதாவை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சோதனைக்காகக் கிட்டு ஒரு பழைய கச்சேரியைத் தேர்ந்தெடுத்திருந்தார். குளித்தலை பார்வதி என்று எப்போதோ பாடிவிட்டுப் போன ஒரு பெண்மணி. யாரோ கல்யாணக் கச்சேரியில் டேப்பில் பிடித்து, வேறு யாரோ அதைக் கணினியில் ஏற்றி, கைமாறிக் கைமாறி வந்தது. இரைச்சலுக்கு நடுவே குரலும் பிடிலும் கேட்கும். மிருதங்கம் கிணற்றுக்குள் வாசித்த மாதிரி இருக்கும். தம்புரா சுத்தமாகக் கேட்காது.

முதலில் பழைய ஒயரில் போட்டார்கள். பைரவி ஆலாபனை. கோதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே காபி கலந்தாள். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து, மூன்று பேரும் தரையில் மண்டி போட்டுக் கறுப்பு ஒயரை ஏதோ பிரதிஷ்டை செய்வது போல் செருகினார்கள். கோதை காபியைக் கொண்டுவைத்துவிட்டு, அந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புழுக்கமாக இருந்ததால் ஜன்னல் திறந்திருந்தது.

பார்வதியின் பைரவி மறுபடியும் ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக வந்த அந்தக் குரலைக் கேட்டுக் கோதைக்குச் சற்று நேரத்தில் ஒயர் மறந்துபோயிற்று, பந்தயம் மறந்துபோயிற்று. என்ன குரல்! சுருதிக்கு ஆதாரம் இல்லாமல் அந்த இரைச்சலில் தனியாக நிற்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பாடுகிற எவளுக்கும் இருக்கிற பழக்கம்தான். அவள் கை தானாகப் போய்ச் சுருதிப் பெட்டியைப் போட்டது. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தாள். பெட்டி அவளுடைய ஐந்து கட்டையில் பேசியது. டேப் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கும் போல, பார்வதியின் குரல் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே எங்கேயோ இருந்தது. கோதை திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, தம்புராவைக் கொண்டுபோய் அந்தக் குரலின் காலடியில் உட்கார்த்தி வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அன்று முழுக்க அவளுக்கு வாய்த்த சந்தோஷம் அந்தச் சில நிமிஷம்தான்.

ஹாலில் "அர்ரே!" என்று ஒரு கூச்சல். பாட்டு நின்றது. கோதை திடுக்கிட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டதோ என்றுதான் நினைத்தாள்.

கிட்டு நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டியா கோதை? தம்புரா! பழைய ஒயர்ல இல்லவே இல்லை. இதை மாட்டினதும் கொஞ்ச நேரத்துல மெதுவா எழும்பி வந்தது பாரு, லெஃப்ட் ஸ்பீக்கர் பக்கத்துலேர்ந்து!"

"நான் சொன்னேனில்லைங்க?" என்றான் ஷ்யாம். அவன் முகத்திலும் லேசான ஆச்சரியம் இருந்ததைக் கோதை கவனித்தாள். கோகுல்நாத்கூட முழுசாக விழித்துக்கொண்டிருந்தார்.

கோதைக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "அட ராமா. அது என் பெட்டி. ரூம்ல நான்தான் போட்டுண்டிருந்தேன். ஜன்னல் வழியா வந்திருக்கு."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷ்யாம் பொறுமையாகச் சொன்னான்: "மாமி, உங்க பெட்டி ஒரு கணக்கான சுருதியில இருக்கும். இது பழைய டேப்பு. சுருதி எந்தக் கட்டையிலும் சேராது, நான் மீட்டர் வெச்சுப் பார்த்திருக்கேன். இப்ப கேட்ட தம்புரா அந்தக் குரலோட அப்படியே சேர்ந்து இருந்துச்சுங்க. வேற பெட்டி அப்படிச் சேர சான்ஸே இல்லை."

"நான்தான் சேத்தேன்."

"எப்படி? உங்ககிட்ட மீட்டர் இருக்கா?"

"காது இருக்கு."

கிட்டு சிரித்துவிட்டார். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். அதுதான் கோதைக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி விடு கோதை. பந்தயத்துல தோத்தா எல்லாருக்கும் இப்படித்தான் தோணும்."

"மறுபடி போடுங்கோ. நான் பெட்டியை அணைச்சு அணைச்சுப் போடறேன். தெரிஞ்சுடும்."

கிட்டுவின் முகம் மாறியது. கை தானாக ஆம்ப்ளிஃபையரின் மேல் போய்ப் படிந்தது, யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு போக வந்த மாதிரி. "இப்ப வேண்டாம். கோகுல்நாத் சார் கிளம்பணும்," என்றார். கோகுல்நாத் கிளம்புகிற மாதிரியே இல்லை.

அவர் பயந்துவிட்டார் என்று கோதைக்குப் புரிந்தது. சோதித்துப் பார்த்தால் போய்விடுமோ என்று பயம். இரண்டு முழ ஒயருக்குத் தம்புராவை வரவழைக்கும் திறமை உண்டு என்று நம்புகிற மனுஷருக்கு, இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்குச் சுருதி சேர்க்கும் காது உண்டு என்று நம்ப முடியவில்லை. கோதைக்குச் சண்டை போடவே பிடிக்கவில்லை. இந்த மாதிரி ஆளிடம் போய் நிரூபிப்பதா? அசிங்கம். "ரூமை எடுத்துக்கோங்கோ," என்று சொல்லிவிட்டு, காபித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். தோற்றதற்காக இல்லை. காது இல்லாதவனிடம் காதால் தோற்றோமே என்று.

அந்த வாரமே ஜமுக்காளம் சுருட்டப்பட்டது. ஆட்கள் வந்து சுவரெல்லாம் கறுப்பு ஃபோம் ஒட்டினார்கள். ஸ்பீக்கர்கள் உள்ளே போயின. வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டுப் பிள்ளைகளை நீச்சலில் சேர்த்தார்கள். அம்ருதா மட்டும் போன் செய்துகொண்டே இருந்தாள், தன் வீட்டுக்கு வரும்படி கெஞ்சினாள். மாமியாரும் டிவியும் இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து பாடுவது? சுருதிப் பெட்டி அடுப்படி மேடையில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கோதை அதைப் போடவே இல்லை.

ஆனால் புது அறையில் தம்புரா வரவில்லை.

கிட்டு ஸ்பீக்கரை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். நாற்காலியை நகர்த்தினார். பார்வதி பாடிக்கொண்டே இருந்தாள். தம்புரா மட்டும் இல்லை. ஷ்யாம் வந்து யோசித்தான். ஒயர் இன்னும் பழகவில்லையாம். அதற்கு விடாமல் கரண்ட் ஓட வேண்டுமாம், அதற்கு வசதியான சாமான் ஃப்ரிட்ஜ்தானாம். இதை ஒரு படித்த ஆள் வாய்விட்டுச் சொன்னான், இன்னொரு படித்த ஆள் அதைக் கேட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தினார். ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் அந்த வெல்வெட் ஒயரில் ஓடியது. கோதை தினமும் மோரைத் தம்ளரில் ஊற்றிக் கிட்டுவிடம் நீட்டி, "காதுகிட்ட வெச்சுக் கேட்டுட்டுக் குடிங்கோ. தம்புரா ஏதாவது எறங்கியிருக்கும்" என்றாள். கிட்டு அசடு வழியக் குடித்தார்.

ஃப்ரிட்ஜில் பழகிய பிறகும் வரவில்லை. கிட்டு சாப்பாட்டில் குறைந்தார். ஒரு சமயம் அவரைப் பார்க்கக் கோதைக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் உண்மையை அவள் ஒருதரம் சொல்லியாயிற்று. இன்னொரு தரம் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

கடைசியில் ஒரு காலை கிட்டு தீர்ப்புச் சொன்னார். "அந்த ரூம் டெட் ரூம், கோதை. அதுல சங்கீதமே நிக்காது. எல்லாத்தையும் ஹாலுக்கே கொண்டுபோயிடறேன். நீ வேணும்னா ரூமை வெச்சுக்கோ."

சங்கீதம் நிற்காத அறை. கோதைக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் திண்டில் வைத்தாள். ஃபோமைப் பிய்த்தால் பெயிண்டும் வந்துவிடும் என்று அது சுவரிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அம்ருதா ஓடிவந்தாள். கறுப்புச் சுவர்களைப் பார்த்து வாசலிலேயே நின்று, "ஹே காய், மாவ்ஷி?" என்றாள். அவளுக்குக் கோதை எப்போதும் மாவ்ஷி, சித்தி. இது என்ன என்ற கேள்விக்கு, "உன் மாமாவோட சங்கீத ஞானம்" என்று கோதை அவளுக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

உட்கார்ந்து கொஞ்சம் பாடியிருப்பார்கள். ஹாலில் கூட்டம் சேர்ந்தது. பார்வதி பைரவியை ஆரம்பித்தாள், இரைச்சலோடு, ஆதாரமில்லாமல். கோதையின் ஐந்து கட்டையும் அந்தக் குரலும் உரசின. பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது. கோதையால் பொறுக்க முடியவில்லை. வைராக்கியம் வேறு, காது வேறு. கை திருகுக்குப் போயிற்று. மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, குரலின் காலடியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"ஆ கயா!" என்று ஹாலில் கிட்டுவின் குரல் உடைந்தது. "வந்துடுத்து! ஷ்யாம், வந்துடுத்து!"

அம்ருதா பெட்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கோதையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவிடம் சொல்ல வேண்டாமா என்று சைகையால் கேட்டாள். சொல்லியாயிற்று, நம்பவில்லை என்று கோதை தலையை ஆட்டினாள்.

ஹாலில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை ஆரம்பித்தது. கோதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தில்லை நகரில் கூடத்தில் உட்கார்ந்து, புதுப்புடவையின் விறைப்போடு அவள் எடுத்த அதே கீர்த்தனை. ஆலாபனையிலேயே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதுவரை ஹாலில் ஒருநாளும் ரெகார்டிங்கை இத்தனை தூரம் ஓடவிட்டதில்லை. அவளையும் அறியாமல் பார்வதியோடு சேர்ந்து பல்லவியைப் பிடித்தாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு குரலைத் திறந்து. அம்ருதா தாளம் போட ஆரம்பித்தாள். கறுப்புச் சுவர்களுக்கு நடுவே அவள் குரல் எப்போதும் போல் நின்றது.

கதவு திறந்தது. கிட்டு தலையை நீட்டினார். முகத்தில் அத்தனை பரவசம், கூடவே கொஞ்சம் எரிச்சல்.

"கோதை, பாடறதைக் கொஞ்சம் நிறுத்தேன். நீ பாடறதுல தம்புரா கேக்க மாட்டேங்கறது."

பெட்டி அவர் முகத்துக்கு நேரே ஜன்னலில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிட்டு அதைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பல்லவியோடு அவர் நிறுத்த வைத்தது இது இரண்டாவது தடவை. கோதைக்குக் கோபம் வரவில்லை. கோபிக்கக்கூட லாயக்கில்லாத ஒரு ஆளை இத்தனை காலம் கோபித்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

"இனிமே தம்புராவுக்கு என்னால தொந்தரவு இருக்காது, போங்கோ," என்றாள்.

"தேங்க்ஸ்," என்று கிட்டு போனார். கோதை பெட்டியை அணைத்தாள். சிவப்பு விளக்கு போயிற்று. சுருதி அவள் தொண்டையில் அப்படியே நின்றிருந்தது. அனுபல்லவியை எடுத்தாள்.

ஹாலில், "என்னாச்சு? போயிடுத்தே!" என்றார் கிட்டு. ஒயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னான் ஷ்யாம். ஆட்டியதில் கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டு, பார்வதி பாதி வரியில் நின்றுபோனாள். அதற்கப்புறம் வீட்டில் பாடிக்கொண்டிருந்தது கோதை ஒருத்திதான். அனுபல்லவி, சரணம், சரணத்தில் அவள் குரு சொல்லிக்கொடுத்த நீளமான சங்கதிகள், திரும்பவும் பல்லவி என்று தில்லை நகரில் விட்டுவந்த மீதியை ஒன்று விடாமல் பாடினாள். பாதியில் அம்ருதாவுக்குத் தாளம் போட மறந்துபோயிற்று. பாட்டு முடிந்தபோது அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போகும் வழியில் கோதை ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். கோகுல்நாத் தூங்கிக்கொண்டிருந்தார். ஷ்யாம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். கிட்டு தரையில் மண்டி போட்டு, கறுப்பு ஒயரின் பிளக்கைக் கையில் எடுத்து, அதன் பின்களை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.